சரின்னா என்ன சரி

நாக்பூரைத் தாண்டியதும் ரோடு அகலமாகிவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை, எண்பதில் போக சண்முகவடிவுக்கு இப்போது பயமில்லை. பயமில்லை என்று தானே சொல்லிக்கொள்ளக் கூடாது, சொன்ன வாய் மூடுமுன் குறுக்கே ஒரு எருமை வந்து நிற்கும், ஆனாலும் உள்ளதைச் சொன்னால் என்ன, கோவில்பட்டியில் கிளம்பி இது நாலாம் நாள், ஐம்பத்தோரு வயதில் ஒரு பொம்பளை ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தனியாக ஓட்டி வந்திருக்கிறாள், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. தனியாக என்றா சொன்னாள், அது பாவம், இவர் இருக்கிறாரே பின்சீட்டில். தலைவழியே போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கிடக்கிறார். சற்றுமுன் பெட்ரோல் போட்ட பங்கில் அவள் இறங்கி முகம் கழுவிவிட்டு வந்து பெல்ட்டை மாட்டுகிறபோது பின்கதவு டப்பென்று சாத்துகிற சத்தம் கேட்டது. ஆள் ஏறியாச்சு என்று கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தால் போர்வை மேடு தெரிகிறது. நேற்று லாட்ஜில் ஒரே கொசு, மனுஷன் பொட்டுக் கண் மூடவில்லை, இப்போதாவது தூங்கட்டும். இந்த மட்டுக்கும் கொண்டு வந்து சேர்த்தாயே தாயே என்று செண்பகவல்லி அம்மனுக்கு ஒரு கும்பிடு போடலாமென்று பார்த்தாள், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்பது இவர் போட்ட சட்டம், அதனால் மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். இன்னும் இருநூற்றைம்பது கிலோமீட்டர். சாயந்தரம் ஜபல்பூர். நாளை மறுநாள் காலை அந்த ஊர் வங்கிக் கிளையில் தலைமை மேலாளர் என்று எழுதின நாற்காலியில் அவள் உட்கார வேண்டும். சாமான்கள் லாரியில் முந்தியே போய்விட்டன. மிச்சமிருக்கிற சாமான் நாங்கள் ரெண்டு பேரும்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பின்சீட்டு கூட அவள் கொடுத்ததுதான். முதல்நாள் இவர் முன்னால்தான் உட்கார்ந்து வந்தார். கோமதிநாயகம் இருபத்தெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர், கோவில்பட்டியில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் இவரிடம் திட்டு வாங்கியவர்கள், ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகுமா. இந்த வண்டியில் இல்லாத பிரேக்கை மதுரை வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தார். லாரி வந்தால் ஒரு மிதி, ஆடு வந்தால் ஒரு மிதி, ஒன்றும் வராவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மிதி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. திட்டினால்கூடத் தேவலை. திண்டுக்கல்லில் காபி குடிக்க இறங்கியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. நீங்க பின்னால போய்ப் படுங்க, உங்க காலைப் பாத்தா எனக்குக் கை நடுங்குது என்றாள். சரி என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார். அன்றைக்கு ஓசூர் வரைக்கும் அவளுக்கு மனசே சரியில்லை. ஓட்டுகிறவரைப் பின்னால் படுக்கப் போட்டு இழுத்துக்கொண்டு போகிறோமே. சர்க்கரை இவருடைய இடது கண்ணைத் தின்றிருக்காவிட்டால் இந்த ஸ்டியரிங் இவர் கையில் அல்லவா இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரையில் கண் டாக்டர், இனிமேல் நீங்க ஓட்டாம இருக்கது நல்லது சார் என்று சொன்னார். அன்றைக்கு ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்கு வருகிற வழியெல்லாம் இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இல்லை, ராஜபாளையம் பஸ் இல்லை, திருநெல்வேலி பஸ், சாத்தூரில் டயர் பஞ்சராகி நின்றதே அந்த பஸ். மறுநாள் விடிந்ததும் இவளை எழுப்பி, ஏ வடிவு, சாவியை எடு, இன்னைக்கிருந்து நீ ஓட்டிப் படி என்றார்.

எட்டயபுரம் ரோட்டில்தான் பழகினாள். ஊரையே திட்டித் தீர்க்கிற வாய் இவளிடம் மட்டும் அடங்கிப் போயிருந்தது. வண்டி நின்று நின்று போகும், பின்னால் மணல் லாரிக்காரன் அம்மா தாயே என்று ஆரனை அமுக்குவான், இவர் அசையாமல் உட்கார்ந்து, சரி, மறுபடி ஸ்டார்ட் பண்ணு என்பார். அந்தச் சரி நல்ல சரி. அதில் ஒரு தட்டிக்கொடுப்பு இருந்தது. ஆனால் எல்லாச் சரியும் ஒரே சரியா. சரி சரி போ என்றால் ஒன்று. சரிதான் போ என்றால் அதற்கு நேர் எதிர். சரி, விடு என்று முடிக்கிற சரி வேறே. இவருடைய அப்பா செத்த அன்றைக்கு, தூக்கிரலாமா தம்பி என்று பெரியவர்கள் வந்து கேட்டபோது இவர் ஒரு சரி சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.  பிப்ரவரி மாசம் பதவி உயர்வு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இவருடைய ஸ்கூல் வாசலில் போய் நின்றாளே, ஜபல்பூராம், போகலைன்னா பதவி கிடையாதாம் என்று சொன்னாளே, எல்எல்ஆர் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சரி என்றாரே, அது எந்தச் சரி? மறுபடி ஸ்டார்ட் பண்ணு என்கிற சரியா, தூக்கிரலாம் என்கிற சரியா? அவள் கேட்கவில்லை. கேட்டால் வேறே என்னமும் பதில் வந்துவிட்டால் என்ன செய்வது. பேனாவில் மை தீர்ந்துவிட்டதென்று உதறினார், மேஜையில் நாலு சொட்டு விழுந்தது, அந்த நாலு சொட்டு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மறுமாசமே ரெண்டு ஸ்கூல் வண்டியையும் விற்றார், போர்டைக் கழற்றி வீட்டுக்குள் திருப்பிச் சாத்தி வைத்தார், நான் அங்கே வந்து என்ன செய்வேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹிந்தி தெரியாத ஊரில், ஓட்ட முடியாத கண்ணை வைத்துக்கொண்டு, காலையில் அவள் வங்கிக்குப் போனபிறகு இந்த மனுஷன் யாரோடு பேசுவார்? அவளுக்குத் தெரிந்து இவர் வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்து ஒருநாள் இருந்ததில்லை. இந்த இடத்துக்கு வந்தால் அவளுடைய நினைப்பு முட்டிக்கொண்டு நின்றுவிடும், சேலத்தில் நின்றது, அனந்தபூரில் நின்றது, நிஜாமாபாத்தில் நின்றது, இப்போதும் நிற்கிறது.

முன்னால் வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த இவருடைய போன் அடித்தது. புது நம்பர். பர்சனல் லோன் வேணுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும், நேற்றிலிருந்து நம்பர் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறாள், வங்கிக்காரி புருஷனுக்கே லோன் விற்கப் பார்க்கிறாள் கெட்டிக்காரி. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது, அதுவும் இவர் சட்டம். நீங்க தூங்குங்க, லோன்காரி என்று சத்தமாகச் சொன்னாள். அடித்து ஓய்ந்தது. பேச ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. இவர் தூங்குகிறார் என்கிற தைரியம்தான். முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததைத் தூங்குகிற ஆளிடம் சொல்லிவிடலாம், பாதி காதில் விழுந்தாலும் போதும். நன்றி என்று சொல்ல முடியுமா புருஷனிடம், அது மேடைப் பேச்சு. தேங்க்ஸ் என்றால் அது கவுண்டரில் சொல்வது, ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறாள், அதில் என்ன இருக்கிறது. ஆபீசர் பரிட்சைக்கு அவள் படித்த வருஷம் சின்னப் பிள்ளையாயிருந்த மகளுக்குத் தலை பின்னிவிட்டது யார், கோணல் வகிடு எடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பி டீச்சர் சிரித்தாளே. ரசம் வைக்கப் படித்து முதல்நாள் புளியே போடாமல் வைத்தாரே. அவளுக்கு மேலாளர் பதவி வந்தபோது, பொண்டாட்டிக்குக் கீழே போயிட்டீரே என்று கார் ஸ்டாண்டில் ஒருத்தன் கேலி பேசினதற்கு, நான் எப்பவும் பக்கத்து சீட்டுதான்வே என்று சொன்னாராம், அதை இவர் சொல்லி அவள் கேட்கவில்லை, கேலி பேசினவன் பெண்டாட்டி வந்து சொன்னாள். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது ஒரு அப்பளம் கூட வைத்தாள், அவ்வளவுதான் அவள் காட்டிய நன்றி. இது போதுமா?

“இந்தாங்க, தூக்கத்துல கேட்டாலும் சரி, கேக்காட்டாலும் சரி,” என்று கண்ணாடியில் தெரிந்த போர்வையைப் பார்த்துச் சொன்னாள். “நான் இன்னைக்கு இப்படி இருக்கேன்னா அது உங்களாலதான். வேற ஒருத்தர்னா என்னைய வேலையை விடச் சொல்லியிருப்பாரு. நீங்க கடையைக் கட்டிட்டு வந்துட்டீங்க. எனக்கு உங்களை நினைச்சா நிறைஞ்சு போவுது. ஆனா ஒன்னே ஒன்னு கேக்கணும். அன்னைக்கு சரின்னீங்களே, அது என்ன சரி? மனசோடதான் சொன்னீங்களா?”

சொல்லிவிட்டாள். கண்ணில் நீர் கட்டி ரோடு கலங்கித் தெரிந்தது, வேகத்தை அறுபதுக்குக் குறைத்தாள். ரோடு காட்டுக்குள் நுழைந்து ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சுவர் எழும்பியது, கீழே மிருகங்கள் போய்வர வழிவிட்டுக் கட்டின பாலமாம், நேற்று லாட்ஜ்காரர் சொன்னார். சுவருக்கு நடுவே வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து ஒரு ம் கூட இல்லை. தூங்குகிறார். தூங்குகிறாரா, இல்லை முழித்துக்கொண்டு பேசாமல் கிடக்கிறாரா? இவருக்கு எலித் தூக்கம், பக்கத்து வீட்டில் டம்ளர் விழுந்தால் எழுந்துவிடுவார். இவ்வளவு பேசியிருக்கிறாள், ரெண்டாம் தடவை போன் அடித்து ஓய்ந்திருக்கிறது, அசையவில்லையே. அப்படியானால் கேட்டிருக்கிறது. பதில் இல்லை என்பதுதான் பதில். மனசில்லாமல்தான் வந்திருக்கிறார், பொய் சொல்லத் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். நல்லா இருக்கு. ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தாண்டி இதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாளா? இனி அந்த நாற்காலியில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்வது. கோபம் வந்தது, இவர்மேல் கொஞ்சம், தன்மேல் நிறைய. சுவர் முடிந்து ரோட்டோரம் கொஞ்சம் இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுக்கி நிறுத்தினாள். “என்னங்க” என்றாள். கையைப் பின்னால் நீட்டிப் போர்வையைப் பிடித்து இழுத்தாள். ரெண்டு தலையணை. அதற்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில், புதுசாக ஒரு தண்ணீர் கேன்.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கேனைத் தூக்கிப் பார்த்தாள், அதற்கடியில் அவர் இருப்பதுபோல. அப்புறம் விளங்கியது. கதவைத் திறந்து கேனை வைத்துச் சாத்தியிருக்கிறார், அதுதான் அந்த டப். ஏறவில்லை. வண்டியை எடுக்கு முன்னால் கண்ணாடியைப் பார், ஆளை எண்ணு, அப்புறம் கியர் என்று முதல் பாடமே அதுதானே, ஊரெல்லாம் படித்த பாடம், சொல்லிக்கொடுத்தவரையே எண்ணாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.  ஐயோ, முப்பது கிலோமீட்டர் இருக்குமே. போன் இங்கே கிடக்கிறது. பாஷை தெரியாது. மாத்திரை டப்பா இங்கே, காலையில் சாப்பிட்டது ரெண்டே இட்லி, அதை இட்லி என்று சொல்லவும் முடியாது, சர்க்கரை இறங்கிவிட்டால் யாரிடம் என்ன கேட்பார். அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு கிடந்தது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதுதான் மேலே வந்தது. ஏறவில்லையா, ஏற மனசில்லாமல் நின்றுவிட்டாரா? இந்தா தண்ணி, நீ போ, நான் வரல என்று வைத்துவிட்டுப் போனாரா? நாக்பூரில் தெற்கே போகிற ரயில் எத்தனையோ. சே, என்ன புத்தி இது. இவர் அப்படிச் செய்கிற ஆளா. செய்கிற ஆள் இல்லைதான், ஆனால் சரி என்றால் என்ன சரி என்று இந்த ஆளிடம் கேட்காமலே ரெண்டு மாசம் குடித்தனம் நடத்தியவள்தானே அவள், அவளுக்கு என்ன தெரியும் இவரைப் பற்றி.

மூன்றாம் தடவை போன் அடித்தது. அதே நம்பர். லோன்காரியில்லை, இவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் தன் நம்பர் ஒன்றுதான், யாரிடமோ போன் வாங்கி அதற்கே அடித்துக்கொண்டிருக்கிறார். எடுத்தாள். அவர்தான் பேசினார். எங்கே நிற்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“வடிவு, பதறாத. நான் பங்க்லதான் உக்காந்திருக்கேன், நல்லா இருக்கேன். டிவைடர்ல வெட்டு வாற வரைக்கும் நேரா போய்த் திரும்பு. அவசரம்னு எதிர்ப்பக்கமா வந்துராத. பைய வா.”

அவர் சொன்னபடிக்கு வெட்டு வர இன்னும் ஒன்பது கிலோமீட்டர் வடக்கே போக வேண்டியிருந்தது. அவரிடம் போய்ச் சேர்வதற்காக அவரை விட்டு இன்னும் தள்ளிப் போவது என்ன கொடுமை. பைக்கில் வந்த ரெண்டு பேர் எதிர்ப்பக்கமாகவே புகுந்து போனார்கள், அவளுக்கும் அப்படிப் போகக் கை பரபரத்தது, பைய வா என்ற குரல் கூடவே இருந்தது, போகவில்லை. திரும்பினபிறகு காடு, சுவர், லாரி எல்லாம் எதிர்த்திசையில் ஒருமுறை வந்தன. அழுதுகொண்டே ஓட்டினாள், எழுபதைத் தாண்டவில்லை. உயிரோடு இருக்கிறார், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டார், அது போதும், வேறே எதற்கும் பதில் வேண்டாம் என்று ஒரு மனசு சொல்லியது. வேண்டாம் என்றால் எதற்குடி அழுகிறாய் என்றது இன்னொன்று. போனில் சத்தம் போட்டிருந்தால் தேவலை. கண்ணில்லையா உனக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவளும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பாள். பதறாத என்கிறவரிடம் எதைப் பேசுவது. இவருக்குக் கோபமே வராதா, இல்லை, வந்ததையெல்லாம் அந்தச் சரிக்குள் போட்டு மூடிவிடுகிறாரா? அந்தப் பங்குக்கு ஆண்டவன் நல்ல மனுஷங்களாகப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அனுப்பித்தான் இருந்தான்.

பங்கில் காற்றுப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கையில் டீ கிளாஸ். மடியில் ஒரு பை ஆரஞ்சு, அதை வாங்கத்தான் ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். இவள் இறங்கி ஓடிவந்ததும் எழுந்து நின்று முதலில் வண்டியைத்தான் சுற்றிப் பார்த்தார், எங்கும் இடித்துக்கொண்டு வரவில்லையே என்று. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்துப்பேர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படிப் பிடித்ததேயில்லை. பங்கு மேனேஜர், தலை நரைத்த மனுஷர், சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்தார், வங்கிக்காகப் பரிட்சை எழுதிப் படித்த ஹிந்தி அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் பிரயோஜனப்பட்டது. மேனேஜர் சொன்னது இவ்வளவுதான். இவர் பாஷை எங்களுக்குப் புரியவில்லை, எங்க பாஷை இவருக்குப் புரியவில்லை. போன் எடுக்க ஆளில்லை என்றதும் பாவமாக இருந்தது. மதராஸ் பக்கத்து ஆள் என்று தெரிந்தது, ரயிலேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டு, உங்க வீடு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிக் கேட்டோம், தெற்கே கையைக் காட்டி, அங்கேயா என்றும் கேட்டோம். மனுஷர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். வடக்கே கையை நீட்டினார், உங்க வண்டி போன பக்கம். மூன்று தடவை கேட்டோம், மூன்று தடவையும் அந்தப் பக்கம்தான்.

மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டாள். இவர் பழக்கத்தில் பின்கதவுக்குப் போனார். அவள் முன்கதவைத் திறந்துவிட்டு, இங்கே உக்காருங்க என்றாள். ரெண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். பெல்ட் போட்டார்கள். அவர் ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளையை அவளிடம் நீட்டினார், அவள் வாங்கவில்லை.

“உங்களுக்கு ஊரை விட்டு வந்தது வருத்தமா? இருக்குன்னா இருக்குன்னு சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்.”

அவர் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். 

“வருத்தம் இல்லாம இருக்குமா, இருக்கு. காலையில எந்திரிச்சா கால் தானா ஸ்கூலுக்குக் கிளம்புது. அங்க போய் என்ன செய்யப் போறேன்னும் தெரியல,” என்றார். “ஆனா நீ இல்லாத வீட்டுல நான் எப்படி வருத்தப்படாம இருக்கப் போறேன் வடிவு? அதைவிட இது தேவலை.”

அவள் தலையணையிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, பின்னால் காற்றுப் பிடிக்க வந்த ஆட்டோக்காரன் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். கோணல் வகிடு, புளியில்லாத ரசம், ஒன்றையும் விடவில்லை, பொதுவில் சொல்லக் கூசுகிறதையும் சொன்னாள். அவர் முகம் முழுக்கச் சிவந்து, சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல், ஒவ்வொன்றுக்கும் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.